2020 கோடையில் எல்லையைத் திறந்த ஐஸ்லாந்து, பயணிகளுக்கு ஏன் இரண்டு தடவை கொரோனா பரிசோதனை செய்தது?

இரட்டைப் பரிசோதனை என்றால் வந்து இறங்கியதும் ஒன்று, அப்புறம் ஐந்தாறு நாள் தனிமையில் இருந்துவிட்டு இன்னொன்று. ஜூன் 15 அன்று திறந்தபோது ஒரே பரிசோதனைதான் இருந்தது. கெப்லாவிக் விமான நிலையத்திலேயே குச்சி விட்டு மாதிரி எடுப்பார்கள், வேண்டாம் என்பவர்களுக்கு 14 நாள் தனிமை.

அது போதவில்லை. கிருமி உடம்புக்குள் போன அன்றே பரிசோதனையில் தெரியாது, பிடிபடும் அளவுக்குப் பெருகச் சில நாள் ஆகும். பாலுக்கு உறை ஊற்றிப் பத்து நிமிஷத்தில் மூடியைத் திறந்தால் பால்தான் இருக்கும், காலையில்தான் தயிர், அந்த மாதிரிதான் இதுவும். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் தொற்றியவர் முதல் பரிசோதனையைச் சுலபமாகத் தாண்டி ஊருக்குள் போய்விடுவார், பாவம், அவருக்கே தெரியாது. அதனால்தான் ஆகஸ்ட் 19 முதல் எல்லோருக்கும் இரண்டு என்று ஆக்கினார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது பலத்த அடி. நாலு நாள் லீவில் வருகிறவர் ஐந்து நாள் அறைக்குள் உட்காருவாரா? ஆனாலும் அப்போது மக்கள்தொகை நாலு லட்சத்தைக்கூடத் தொட்டிராத நாட்டில் மருத்துவமனைப் படுக்கைகள் சட்டென நிரம்பிவிடும் என்பதால், என்னைப் பொறுத்தவரை சரியான முடிவுதான்.

நெகட்டிவ் வந்தால் தொற்றே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மாதிரி எடுத்த நேரத்தில் கிருமி சிக்கவில்லை, அவ்வளவுதான்.