ஃபீனோ டெஸ்ட்டில் எண் கூடுதலாக வந்தால் ஆஸ்துமா என்று அர்த்தமா?

அப்படி நேரடியாகச் சொல்லிவிட முடியாது. ஃபீனோ என்பது நாம் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எவ்வளவு இருக்கிறது என்று மெஷினில் ஊதிப் பார்க்கும் டெஸ்ட். எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் அந்த மெஷினில் ஊதியிருக்கிறோம். மூச்சு அதிகம் வாங்குவது அம்மாவுக்கு, எண் கூடுதல் எனக்கு.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பிசான அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்தால் போதும், காலையில் எழுந்ததும் பதினைந்து தும்மல், ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் விசில். பாளையங்கோட்டையில் நெஞ்சு டாக்டரைப் பார்த்தபோதுதான் இந்த டெஸ்ட்டை எழுதிக்கொடுத்தார்.

மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து நெஞ்சு நிறைய இழுத்து, பத்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். வேகம் விநாடிக்கு 50 மில்லிதான். அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதினால் மெஷின் ஏற்காது. எனக்கு முதல் இரண்டு தடவை இருமல் வந்து கெட்டது. அங்கிருந்த நர்ஸ், “அண்ணே, சாமி விளக்கு அணையாம ஊதுற மாதிரி ஊதுங்க” என்றார். அது புரிந்தது. குழாயில் லேசாகத் தடை இருக்கும். அதை எதிர்த்து ஊதும்போது அண்ணம் மூடிக்கொள்ளும், மூக்குக் காற்று கலக்காது. சைனஸில் இந்த வாயு ஏராளம் என்பதால் அது கலந்தால் கணக்கே தப்பிவிடும்.

மெஷின் அளப்பது நைட்ரிக் ஆக்சைடு. பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு, அது நைட்ரஸ் ஆக்சைடு. நாம் விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதை 1991இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதல் என்பது இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. அலர்ஜி வகை வீக்கம் வந்தால் மூச்சுக்குழாயின் உள்தோல் இதை அதிகமாகச் சுரக்கிறது. பெரியவர்களுக்கு 25க்குக் கீழே குறைவு, 50க்கு மேலே அதிகம். குழந்தைகளுக்கு 20, 35. நூறு கோடிப் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்று கணக்கு.

எனக்கு 62 வந்தது. உறிஞ்சும் ஸ்டீராய்டு கொடுத்தார், இரண்டு மாதத்தில் 21. சரி, குணமாகிவிட்டது என்று நானே அதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கும்போது மட்டும் உடனே இளக்கும் மருந்துள்ள நீலப் பம்பை (இன்ஹேலர்) அடித்துக்கொண்டிருந்தேன். அடித்த ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு லேசாகிவிடுமே, அந்த தைரியம். அடுத்த தடவை ஊதினால் 58. டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, “எப்ப நிறுத்தினீங்க?” என்றார். நான் வாயே திறக்கவில்லை. நீலப் பம்பு இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. இந்த டெஸ்ட்டின் பெரிய உபயோகமே இதுதான் என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டு வேலை செய்யுமா, ஆள் அதை ஒழுங்காக எடுக்கிறாரா என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மா முக்கூடலில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதிலிருந்து மடியில் சொளகு வைத்து பீடி சுற்றியவர், ஐம்பது வயது வரை விறகடுப்பு. அவருக்கு வந்தது 14. “ஏலே, மாடி ஏற முடியாம கெடக்குறது நானு, ஒனக்கு நம்பர் கூடவா?” என்று கேட்டார். அவருடையது அலர்ஜி வீக்கம் இல்லை, நாள்பட்ட புகையால் நுரையீரல் குழாய்கள் சுருங்கியது என்று, மூச்சை முக்கி ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டில் தெரிந்தது. அலர்ஜி சேராத ஆஸ்துமாவிலும் எண் சாதாரணமாக வரலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: வெறும் அலர்ஜி மூக்கொழுகல் இருந்தாலே ஏறும், ஆஸ்துமா இருக்க வேண்டும் என்றில்லை.

ஊதப் போகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பாடு, காபி வேண்டாம். முந்தின வேளை கீரை, பீட்ரூட் சாப்பிட்டாலும் எண் ஏறும். சிகரெட், பீடி குடிப்பவருக்கு இறங்கும், அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஸ்பைரோமெட்ரியும் அன்றைக்கே இருந்தால் இதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் முக்கி ஊதினபிறகு எண் குறைவாகக் காட்டும்.

இப்போது எனக்கு 27. மூட்டை இறங்கும் நாளில் முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறேன், ஆலையில் கேலி செய்கிறார்கள்.