கேளுங்கள், சொல்கிறோம்: பனிக்காலத்தில் கேமராவோடு எங்கே போகலாம்?

மார்கழி, தை இரண்டு மாதமும் படம் எடுக்க எங்கே போகலாம் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

டிசம்பர் கடைசியில் மூன்று நாள் ஊட்டி போகிறோம். புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். போன வருடம் நாங்கள் போனபோது பொட்டானிக்கல் கார்டனில் ஈரப்புல்தான் இருந்தது. உறைபனியை எங்கே பார்க்கலாம்?
– ஒரு வாசகி, ஈரோடு

இடம் சரிதான், நேரம்தான் தவறிவிட்டது. நீங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போவதற்குள் வெயில் ஏறியிருக்கும். புல்லின் மேல் வெயில் பட்டு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உறைபனி தண்ணீராகிவிடும். அதனால் சூரியன் வருவதற்கு அரை மணி முன்பே நீங்கள் இடத்தில் நிற்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஊட்டியில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.40. ஜனவரி கடைசி வாரத்தில் அது ஏறக்குறைய 6.47 வரை தள்ளிப்போகும். டிசம்பர் 21தான் மிகக் குறுகிய பகல் என்றாலும், நம் பக்கத்தில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி பின்பாதியில்தான். அலாரம் வைக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது, உயரமான இடத்தில்தான் பனி அதிகம் என்று நினைத்து தொட்டபெட்டாவுக்கு ஏறாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளில் வழிந்து இறங்கித் தாழ்வான புல்வெளிகளில் தேங்கும். அதனால் 2,637 மீட்டர் உயரச் சிகரத்தைவிட தலைகுந்தா, காந்தல், காமராஜ் சாகர் அணையை ஒட்டிய புல்தரை, பழைய குதிரைப் பந்தய மைதானம் போன்ற பள்ளங்களில்தான் உறைபனி கெட்டியாக இருக்கும். அவலாஞ்சியிலும் கடுமையாக உறையும். ஆனால் அங்கே வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில்தான் போக முடியும், விடியற்காலைப் படத்துக்கு அது உதவாது.

மூன்று நாளில் எந்த நாள் என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்துவிடலாம். ஒன்பது மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து, மர இலை அசையாமல் இருந்தால் காலையில் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம். மேகம் இருந்தால் அது தரைக்குப் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. காற்று வீசினாலும் குளிர் தேங்காது. மழை பெய்து ஓய்ந்து, வானம் வெளுத்த இரண்டாவது, மூன்றாவது இரவு மிக நல்லது. செல்போனில் 3 டிகிரி என்று காட்டினால் சோர்ந்துவிட வேண்டாம். அது தரைக்கு மேலே உள்ள காற்றின் வெப்பநிலை. அந்த நேரத்தில் புல்நுனி பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் புல்வெளிக்குள் இறங்காதீர்கள். உறைந்த புல்லில் கால் பட்ட இடமெல்லாம் கறுப்புத் தடமாகத் தெரியும், அதை எந்த எடிட்டிங்கிலும் ஒழுங்காக அழிக்க முடியாது. ஓரமாகச் சுற்றி வந்து, அகலக் காட்சிகளை முதலில் ட்ரைபாடில் எடுத்து முடித்துவிடுங்கள். உதயத்துக்கு முந்தைய இருபது நிமிடம் நீல வெளிச்சம், நிழல் இருக்காது. லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) எஃப் 8 அல்லது 11 வையுங்கள். முழுக்க வெள்ளையாக இருக்கும் காட்சியை கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும், எனவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ப்ளஸ் 1 வரை ஏற்றுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை முட்டாமல் இருந்தால் போதும். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அந்த நீலத்தையும் கேமரா சரிசெய்துவிடும். 5,200 கெல்வினில் நிறுத்திவிட்டு, பிறகு திருத்த வசதியான ரா (RAW) ஃபைலாக எடுங்கள்.

வெயில் எட்டிப் பார்த்ததும் சூரியனுக்கு எதிரே திரும்பி, தரையோடு தரையாக உட்காருங்கள். உறைபனி இலையின் விளிம்பில்தான் முதலில் பிடிக்கும். க்ளோவர் இலை ஒன்றை மேக்ரோ லென்ஸில் பார்த்தால், நடுப்பகுதி பச்சையாகவே இருக்க, ஓரம் முழுக்க ஊசி ஊசியாகப் படிகங்கள் நிற்பது தெரியும். இலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது அந்த ஊசிகள் மட்டும் மின்னும். இவ்வளவு நெருக்கத்தில் உங்கள் மூச்சுக் காற்றே படிகத்தைக் கரைத்துவிடும். முகத்தைச் சற்றுத் திருப்பி, மூச்சை வேறு பக்கம் விட்டுவிட்டு ஷட்டரை அழுத்துங்கள். ட்ரைபாட் கால்கள் உறைந்த மண்ணில் உறுதியாக நிற்பதுபோல் இருக்கும், ஆனால் மண் இளக இளக அமிழும். ஃபோகஸை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

கார் கூரை, பைக் சீட், வேலிக் கம்பி எல்லாமே படத்துக்கு நல்ல பொருட்கள். கார் கண்ணாடியில் படிந்த பனியைப் போக்கச் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் கேட்காமல் இறங்க வேண்டாம். உறைபனி விழுந்தால் தேயிலை கருகும், காய்கறி வாடும். நமக்கு அழகாக இருக்கும் அந்தக் காலை, விவசாயிக்கு நஷ்டமான காலை. பொட்டானிக்கல் கார்டனில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பதும் இதற்காகத்தான், படத்துக்காக அதை விலக்கக் கூடாது.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் தேவை, கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மைசூரிலிருந்து வருபவர்கள் கவனிக்க: பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். விடியற்காலைப் படம் வேண்டுமென்றால் முதல் நாளே ஊட்டிக்கு வந்து தங்குவதுதான் வழி.

கொடைக்கானலில் அறைக்குள் வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது. கேமராவில் கோளாறா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

கோளாறு இல்லை. குளிர்ந்த கண்ணாடி மேல் அறையின் ஈரமான, சூடான காற்று படும்போது நீர்த்துளியாகிறது. வெளியே இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிடுங்கள். அறைக்கு வந்து முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், ஆவி பையின் வெளிப்பக்கத்தோடு நின்றிருக்கும். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள், படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறக்காமல் இருக்கலாம். ஆவி படிந்த லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் சென்சார் வரை போய்விடும். இதே தொல்லை சென்னையில் தலைகீழாக வரும்: ஏசி அறையிலிருந்து கடற்கரைக்குப் போனால் லென்ஸ் மங்கும். அங்கே கேமராவை இரவு ஏசி இல்லாத அறையில் வைத்தாலே போதும்.

குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகும். மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். இறங்கிப்போன பேட்டரியையும் எறிந்துவிடாதீர்கள், உள்பையில் கால் மணி நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் படம் எடுக்கத் தரும்.

மேகம் கடல்போல் கீழே விரிந்து கிடக்கும் காட்சிக்கு கொளுக்குமலை நல்லதா?
– ஒரு வாசகர், தேனி

உங்கள் ஊரிலிருந்து அதைவிட நல்ல இடம் இல்லை. போடிமெட்டு வழியாக சூரியநெல்லி போய்த் தங்குங்கள். அங்கிருந்து மேலே ஜீப் மட்டும்தான் போகும், சொந்தக் காரை அந்தப் பாதையில் ஏற்ற முடியாது. விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஜீப்புகள் கிளம்பும். பாதை முழுக்கக் கற்கள், அதனால் கேமராவைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டுக்கு அடியில் வைத்தால் குலுங்கி ஸ்குரூ தளரும்.

மழைவிட்டு வானம் தெளிந்த காலைகளில் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகி, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றடுக்கைத் தாண்ட முடியாமல் கீழேயே படுத்துக் கிடக்கும். நீங்கள் அந்த அடுக்குக்கு மேலே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். சூரியன் தேனிச் சமவெளிப் பக்கத்திலிருந்து வரும். எல்லோரும் உதயத்தை மட்டும் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அதற்கு முந்தைய இருபத்தைந்து நிமிடமும், உதயத்துக்குப் பிறகு திரும்பி நின்று மீசைப்புலிமலைப் பக்கம் பொன்வெயில் படிவதும்தான் எங்கள் பார்வையில் அருமையான படங்கள். வைட் லென்ஸோடு நிறுத்தாமல் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸும் எடுத்துப் போங்கள். மலை முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப்போவதை அதுதான் நெருக்கிக் காட்டும். வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம் என்பதால் எக்ஸ்போஷரை மைனஸ் 2, 0, ப்ளஸ் 2 என்று மாற்றி மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேடந்தாங்கல் போக எது நல்ல நேரம்? 300 மி.மீ. லென்ஸ் போதுமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய வருடமாக இருக்க வேண்டும், அதை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பர், ஜனவரி நல்லது. பார்வையாளர் நடக்கும் கரை ஏரிக்கு மேற்கே இருப்பதால், காலையில் பறவைகள் எதிர்வெயிலில் கறுத்துத் தெரியும். மூன்று மணிக்கு மேல் போனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும், கூட்டுக்குத் திரும்பும் பறவைகளும் கிடைக்கும். மஞ்சள் மூக்கு நாரை இறகை விரித்து இறங்கும்போது அதன் முதுகுப் பக்கத்து ரோஜா நிறம் தெரிவது அந்த வெயிலில்தான்.

300 மி.மீ. லென்ஸில் மரமும் கூட்டமும் அழகாக வரும், தனிப்பறவைக்கு 400 தேவைப்படும். ஷட்டர் வேகம் பறப்பதற்கு 1/2000 வினாடி, உட்கார்ந்திருந்தால் 1/500. கவனியுங்கள், உறைபனிக்குச் சொன்ன ப்ளஸ் இங்கே ஆகாது. வெள்ளைப் பறவை சின்னதாகவும் பின்னணி கரும்பச்சையாகவும் இருந்தால் கேமரா ஏமாந்து பறவையை வெளுத்துவிடும், மைனஸ் 0.7 வையுங்கள். பூநாரை வேண்டுமென்றால் கோடியக்கரை அல்லது பழவேற்காடு.

பெரிய கேமரா இல்லை. எங்கள் கிராமத்து வயலில் மார்கழிப் பனிமூட்டத்தைச் செல்போனில் எடுத்தால் வெறும் வெள்ளையாகத்தான் வருகிறது.
– ஒரு வாசகர், மன்னார்குடி

பனிமூட்டப் படத்துக்குப் பக்கத்தில் அழுத்தமான ஒரு பொருள் வேண்டும்: பனைமரம், வைக்கோற்போர், சைக்கிளில் போகும் ஆள். பத்துப் பதினைந்து அடிக்குள் அது இருந்தால் பின்னால் உள்ளதெல்லாம் படிப்படியாக மங்குவது தெரியும். அந்தப் பொருளைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு திரையில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். ஃப்ளாஷ் கண்டிப்பாக வேண்டாம், அந்த வெளிச்சம் எதிரே உள்ள பனித்துளிகளில் பட்டுத் திரும்பி வந்து படத்தை இன்னும் வெளுக்கும். ஏழரைக்கு சூரியன் வெளிறிய வட்டமாகத் தெரியும் நேரம்தான் உங்களுக்கானது. லென்ஸைப் பருத்தித் துணியால் அடிக்கடி துடையுங்கள். போகி அன்று காலையை விட்டுவிடுங்கள், அது பனியல்ல, புகை. படத்துக்கும் ஆகாது, நெஞ்சுக்கும் ஆகாது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் உதயத்தை எடுக்க ட்ரைபாட் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

வளாகத்துக்குள் தொல்லியல் துறையின் முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் விடமாட்டார்கள், ட்ரோனும் கூடாது. வெளியே, கோயிலுக்கு வடக்கே உள்ள கடற்கரையிலிருந்து எடுங்கள். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். அதனால் வடக்கே நிற்பவருக்குக் கோயிலும் சூரியனும் கோடைகாலத்தைவிட நெருங்கித் தெரியும், ஒரே ஃப்ரேமில் 24-35 மி.மீ. லென்ஸில் அடக்குவதும் எளிது. ட்ரைபாட் கால்களை மணலில் ஒரு சாண் அளவு அழுத்திப் புதையுங்கள், இல்லாவிட்டால் அலை வந்து போகும்போது சாய்ந்துவிடும். முடித்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு மூட்டாகத் திறந்து காயவிடுங்கள்.