புண் ஆறாததற்கு யார் காரணம்? – மருத்துவக் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. செருப்பு கடித்து உள்ளங்காலில் வந்த புண் ஆறு வாரமாகியும் ஆறவில்லை. "கிருமி அதிகம் இல்லை, அழற்சிதான் அடங்கவில்லை" என்கிறார் மருத்துவர். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே புண்ணை ஆறவிடாமல் செய்யுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: செய்யும். அழற்சி என்பது காயத்தையோ கிருமியையோ எதிர்த்து உடல் காட்டும், சிவப்பும் வீக்கமும் கொண்ட எதிர்வினை. அது ஏன் அடங்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நல்ல உடலில் ஒரு காயம் எப்படி ஆறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தோல் கிழிந்த சில மணி நேரத்திற்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைக் கடந்து அங்கே வந்து குவிகின்றன. நமது எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது என்பதிலிருந்தே, அவை எவ்வளவு வேகமாகச் செலவழிகின்றன என்பது விளங்கும். அவை கிருமிகளை விழுங்குவதோடு, புரதங்களைச் சிதைக்கும் நொதிகளையும் வெளியே கொட்டுகின்றன. அந்த நொதிகளுக்குக் கிருமி எது, நம் சதை எது என்ற பாகுபாடு கிடையாது. புண்ணில் நாம் காணும் சீழில் பெரும்பகுதி, வேலை முடித்து இறந்த இந்த அணுக்கள்தான்.

ஓரிரு நாளில் மேக்ரோபேஜ் என்னும் பெரிய அணுக்கள் பெருகுகின்றன. தொடக்கத்தில் அவையும் அழற்சியைத் தூண்டவே செய்கின்றன. ஆனால் இறந்த நியூட்ரோபில்களை விழுங்கத் தொடங்கியதும் அவற்றின் குணம் மாறுகிறது. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைக் குறைத்துக்கொண்டு, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும், நார்த்திசு அணுக்கள் கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தை நெய்யவும் தேவையான சமிக்ஞைகளை அனுப்புகின்றன. அழற்சி தானாக ஓய்ந்துபோவதில்லை. அதைத் தொடங்கி வைத்த அணுக்களே அதை முடித்தும் வைக்க வேண்டும்.

சர்க்கரை நோயில் தடைபடுவது இந்த மாற்றம்தான். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், மேக்ரோபேஜ்கள் இறந்த அணுக்களை அகற்றுவதில் மந்தமாகி, முதல் கட்டத்திலேயே தேங்கிவிடுகின்றன. நியூட்ரோபில்கள் தொடர்ந்து வந்து கொண்டே இருக்க, ஒரு பக்கம் நெய்யப்படும் கொலாஜனை மறு பக்கம் நொதிகள் அரித்துவிடுகின்றன. மருத்துவர் இறந்த சதையைச் சுரண்டி எடுப்பதும், பாதத்தின் மேல் எடை விழாதபடி தனிக் காலணி கொடுப்பதும் இந்தச் சுழலை உடைப்பதற்கே. சர்க்கரை நோயால் உணர்விழந்த பாதம் மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டால், ஒவ்வொரு நடையும் ஒரு புதிய காயம்தான். காலின் இரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தாகிவிட்டதா என்று அவசியம் கேளுங்கள். வீக்கத்தைக் குறைக்கிறேன் என்று வலி மாத்திரைகளை நீங்களாகவே வாங்கித் தர வேண்டாம். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்திற்கு அவை கேடு செய்யக்கூடும்.

கேள்வி: அப்படியானால் எதிர்ப்புச் சக்தியைக் "கூட்டும்" பொடிகள் பயன் தருமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கூட்டுவது நல்லது என்ற எண்ணமே பிழையானது. எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைப்பதற்கென்றே டி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு இருக்கிறது. ஷிமோன் சகாகுச்சி 1995இல் அதை அடையாளம் காட்டினார். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும், மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் இதற்காகவே வழங்கப்பட்டது. மரபணுக் குறையால் அந்த அணுக்கள் சரிவர இயங்காத குழந்தைகளுக்குப் பச்சிளம் பருவத்திலேயே குடலும் கணையமும் தோலும் சொந்த அணுக்களால் தாக்கப்படுகின்றன. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: உடற்பரிசோதனையில் சிஆர்பி அளவு கூடுதல் என்று வந்திருக்கிறது. மாரடைப்பு வருமோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: சிஆர்பி என்பது அழற்சியின் போது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடலில் எங்கோ அழற்சி இருப்பதை அது காட்டும். எங்கே என்று காட்டாது. இதயத்தோடு அதற்குள்ள தொடர்பு பொய்யன்று. தமனிச் சுவரில் படியும் கொழுப்பை விழுங்கிய மேக்ரோபேஜ்கள் அங்கேயே தங்கி அழற்சியை வளர்ப்பதால்தான் படிவு வெடிக்கும் நிலைக்கு வருகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் சிஆர்பி கூடுதலாக இருந்தவர்களுமான 10,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அழற்சிச் சமிக்ஞை ஒன்றை மட்டும் தடுக்கும் கனாகினுமாப் ஊசியின் ஓர் அளவில், கொலஸ்ட்ரால் குறையாமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிர் பறிக்கும் தொற்றுகள் அதே ஊசியால் கூடின. இதய நோய்க்கு அது வழக்கமான மருந்தாக ஆகவில்லை.

உங்கள் அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் என்றால், பரிசோதனைக்கு முன் சளி, பல் ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று ஏதும் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அது தீர்ந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுத்த அளவோடு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை முடிவுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.