12க்கு 14 ஹோலுக்கு 4க்கு 6 கார்பெட் காணாது

ஹோலுக்கு 4க்கு 6 அடி கார்பெட் போட்டால் அறை சின்னனாத் தெரியுது எண்டு எழுதியிருந்தீங்கள். கலர்ல பிழையில்ல, சைஸ்தான் காணாது. 12க்கு 14 அடி ஹோலின்ர நடுவில 4க்கு 6 போட்டால் குளத்தில விட்ட தோணி மாதிரித் தனியத்தான் நிக்கும், நீங்கள் சொன்ன மாதிரி அறையும் முந்தியை விடச் சின்னனாத் தெரியும். 8க்கு 10 எடுங்கோ, செற்றியின்ர முன்கால் ரெண்டும் அதுக்கு மேல ஏறி நிக்கவேணும், சுத்திவர ரெண்டடி ரைல்ஸ் தெரியட்டும்.

காசு குடுக்க முதல் பழைய பேப்பரை அந்த அளவுக்கு நிலத்தில ஒட்டி ரெண்டு நாள் விட்டுப் பாருங்கோ. கதவு திறக்கேக்க அதுக்கு மேல வருதோ, ஓரம் நடக்கிற வழியில வருதோ எண்டு அப்பவே தெரிஞ்சிடும்.

ஆனா ஒண்டு, கடையில தடிப்பாப் புசுபுசுவெண்டு இருக்கிற கார்பெட்டுக்கு ஆசைப்படாதேங்கோ, எங்கட வன்னிச் செம்மண் புழுதி உள்ளுக்க இறங்கினால் தட்டித் தட்டியே கை ஓஞ்சிடும், மாரிக்குக் காயவும் காயாது, மணக்கத் தொடங்கிடும். மெல்லிசா, கட்டை மயிரா நெய்ததுதான் எங்கட பக்கத்துக்குச் சரி, மண்கலர் கலந்திருந்தால் இன்னும் நல்லது.

ரைல்ஸில வழுக்கும், அடியில ரப்பர் வலை கட்டாயம் போடுங்கோ, வயசான அம்மாவும் இருக்கிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள்.