எட்டுக் கிலோ பைக்கு எந்தச் சப்பாத்து?

கேள்வி: நாங்கள் நான்கு தோழிகள். ஓகஸ்ட் விடுமுறையில் மலைநாட்டு நடைபாதையான பீக்கோ ட்ரெயிலில் ஹப்புத்தளை, எல்ல பக்கமாக ஐந்து நாள் நடக்கப் போகிறோம். முதுகுப்பை எட்டுக் கிலோவைத் தாண்டாது. கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் இல்லாமல் மலைக்குப் போகாதே என்கிறார் அண்ணா. மண்பாதையில் ஓடப் போடும் ட்ரெயில் ரன்னிங் சப்பாத்து போதும் என்கிறாள் தோழி. தண்ணீர் புகாத கோர்-டெக்ஸ் வகை வாங்கலாமா?
- வாசகி, உவர்மலை

பதில்: அண்ணா கோபிக்கக் கூடாது, இந்த முறை தோழியின் பக்கம்தான் நியாயம். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இந்தப் பாதை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பெரும்பகுதி பழைய தோட்ட றோட்டும் தேயிலைக்குள்ளால் போகும் ஒற்றையடிப் பாதையும்தான். அதற்கு பூட்ஸ் அதிகம். தோல் பூட்ஸ் சோடி ஒன்று ஒன்றரைக் கிலோ வரை வரும், ட்ரெயில் சப்பாத்து சோடி 600 கிராம் அளவில் முடிந்துவிடும். காலில் கட்டிய ஒரு கிலோ முதுகில் ஏற்றிய ஐந்து கிலோ அளவுக்குக் களைப்பைத் தரும் என்பது நடைக்காரரின் பழைய கணக்கு. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கித்தானே வைக்க வேண்டும். பை பதினைந்து கிலோவைத் தாண்டினாலோ, கணுக்கால் அடிக்கடி சுளுக்குகிறவர் என்றாலோ அண்ணாவின் பேச்சைக் கேளுங்கள்.

கோர்-டெக்ஸ் வேண்டாம். மழையில் தண்ணீர் மேல்வாயால்தான் உள்ளே போகும், போனால் வெளியே வராது. வலைத்துணிச் சப்பாத்து உடனே நனையும், ஆனால் நடக்க நடக்கத் தண்ணீர் பிழிந்து வெளியேறும், வெயில் பட்டால் காய்ந்தும்விடும். எங்கள் நாட்டு வெக்கைக்கு அதுதான் தோது. ஓகஸ்டில் ஹப்புத்தளை, எல்ல பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அட்டன் பக்கம் நடப்பவர்களுக்கு அது மழைக்காலம், அவர்களுக்கும் வலைத்துணியையே சொல்வேன். சொக்ஸ் மட்டும் பருத்தியில் வேண்டாம். ஈரம் பிடித்த பருத்தி கொப்புளத்துக்கு அழைப்பிதழ்.

இனி அளவு. காசு வீணாவது இங்கேதான். பாடசாலைப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போன காலத்தில் ஏற்றத்தில் அழுத பிள்ளையை நான் கண்டதில்லை, அழுகையெல்லாம் இறக்கத்தில்தான். இறங்கும்போது பாதம் முன்னுக்கு வழுக்கிப் பெருவிரல் நகம் சப்பாத்தில் இடிக்கும், பின்னேரம் நகம் கறுத்துவிடும். அதனால் விரல் நுனிக்கும் சப்பாத்து நுனிக்கும் இடையே கைப் பெருவிரல் அகலம் இடைவெளி வேண்டும். கடைக்குப் பின்னேரம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் அப்போதுதான் வீங்கி உண்மையான அளவுக்கு வந்திருக்கும். நடக்கப் போடும் அதே சொக்ஸைக் கொண்டுபோங்கள்.

கடையில் இதைச் செய்யுங்கள்: உள்ளே இருக்கும் மெத்தையை உருவித் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சின்னவிரல் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கில்லை, நிறம் எவ்வளவு பிடித்தாலும் சரி. ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த எங்களில் பலருக்கு முன்பாதம் அகலம். ஆல்ட்ரா லோன் பீக் போன்ற ட்ரெயில் சப்பாத்துகளில் விரல்கள் விரிய இடம் உண்டு. ஆனால் அதில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், பழகாத கெண்டைக்கால் முதலில் வலிக்கும். ஓகஸ்டுக்கு இப்போதே வாங்கிப் பழகுவதானால் சரி. ஒன்லைனில் எடுப்பதென்றால் 7, 8 என்ற இலக்கத்தை நம்பாமல், சப்பாத்து நாக்கின் உட்பக்க லேபலில் உள்ள சென்ரிமீற்றரைப் பாருங்கள்.

சப்பாத்தின் அடியில் நிலத்தைப் பிடிக்கும் பல் 4 மில்லிமீற்றர் ஆழம் போதும். சலமன் ஸ்பீட்கிராஸ் சப்பாத்தில் இருப்பது மாதிரி ஆழமான பல் சேற்றுக்கு நல்லது, தார் றோட்டில் சீக்கிரம் தேயும்.

வாங்கிய பிறகு உப்புவெளிக் கடற்கரையில் நடந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள், மணலில் எல்லாச் சப்பாத்தும் சுகமாகத்தான் இருக்கும். பையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஐந்து வையுங்கள், ஏழரைக் கிலோ வந்துவிடும். திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயிலடி வரை போய் இறங்குங்கள். இறக்கத்தில் குதி மேலே எழும்பினால் லேஸைக் கடைசி ஓட்டையிலும் போட்டு இறுக்குங்கள். (அங்கே திரியும் மான்களுக்குத் தீனி கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், பயிற்சி அரைமணி நேரம் பிந்தும்.)

கேள்வி: அம்மா கதிர்காமப் பாதயாத்திரையில் வெருகலிலிருந்து சேர்ந்து நடக்க ஆசைப்படுகிறா. வெறுங்காலோடு நடக்க அவவால் முடியாது. இந்த ட்ரெயில் சப்பாத்து வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். உகந்தை தாண்டிக் குமண, யால காட்டுக்குள் போகும்போது மணல் நிறைய. வலைத்துணியால் பொடிமணல் நுழைந்து சொக்ஸுக்கும் தோலுக்கும் நடுவில் அரைக்கத் தொடங்கும். பின்வார் உள்ள, அடி தடித்த சன்டல்ஸ் எடுத்துக் கொடுங்கள், மணல் போனாலும் உதறிவிடலாம், முள்ளும் ஏறாது. வார் படும் இடத்தில் சூடு தெரிந்தவுடனே நின்று பிளாஸ்டர் ஒட்டச் சொல்லுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பெரிய பிரயோசனம் இல்லை.

கேள்வி: நனைந்த சப்பாத்தை வெயிலில் காயப்போடலாமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: எங்கள் ஊர் மத்தியான வெயிலிலா? பசை இளகி அடி கழன்றுவிடும். மெத்தையை உருவி, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றுங்கள். பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள்.