நடபடிகளில் வரும் ‘ஆசியா’ எது?

அன்புள்ள ஐயா,

ஆசியாவில் வசனம் சொல்லவிடாமல் பவுலைப் பரிசுத்த ஆவியானவர் தடுத்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16:6 சொல்கிறது. கடவுள் நம் கண்டத்தை விட்டுவிட்டு ஐரோப்பாவைத் தேர்ந்துகொண்டார் என்பதற்கு இதுவே ஆதாரம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அது சரியா?

வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

சரியில்லை. உங்கள் வருத்தம் நியாயமானது. அந்த வசனத்தின் முன்பாதியைப் பாருங்கள். பவுல் அப்போது பிரிகியா, கலாத்தியா நாடுகளைக் கடந்து போகிறார். இரண்டும் இன்றைய துருக்கியில், நாம் சொல்லும் ஆசியாக் கண்டத்துக்குள்தான் இருக்கின்றன. அவர் பிறந்த தர்சு, ஏன், எருசலேமே அதே கண்டம்தான்.

நடபடிகளை எழுதிய லூக்கா சொல்லும் ஆசியா ஒரு ரோம மாகாணம். எபேசு பட்டணம் இருந்த மேற்குத் துருக்கிப் பகுதி. பெர்கமுவின் அரசர் மூன்றாம் அட்டாலஸ் வாரிசில்லாமல் கி.மு. 133-இல் இறந்தபோது, ராஜ்யத்தை ரோமுக்கு உயில் எழுதி வைத்திருந்தார். அதை மாகாணமாக்கிய ரோமர்கள், கண்டத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள் என்று பவுலுக்குச் சற்று முந்தியவரான புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கண்டத்துக்கு அந்தப் பெயர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் காலத்திலேயே, கி.மு. 5-ம் நூற்றாண்டில், வழக்கில் இருந்தது. குழப்பம் அன்றே தொடங்கிவிட்டது.

1 பேதுரு 1:1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. கண்டம் என்றால் மற்ற நான்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடுமே, தனியாக எழுதுவானேன்? வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ‘ஆசியாவிலுள்ள ஏழு சபைகளும்’ இந்த ஒரே மாகாணத்தில் இருந்தவைதான்.

அறிஞர்களிடையே விவாதம் இருப்பது எல்லையைப் பற்றி. பிரிகியாவின் பெரும்பகுதி அந்த மாகாணத்தில் சேர்ந்தது. ஆனால் நடபடிகள் 2-ம் அதிகாரப் பட்டியலில் ஆசியாவும் பிரிகியாவும் தனித்தனியாக வருகின்றன. ஆகவே அங்கே லூக்கா ஏகேயக் கடலோரத்தை மட்டும் ஆசியா என்கிறார் போலும். 16:6-க்கும் அந்தப் பொருளே பொருந்துவதாக எனக்குப் படுகிறது.

அப்புறம், அங்கே தடுக்கப்பட்டது வசனம் சொல்வதுதான், பயணம் அல்ல. அடுத்த இரண்டு வசனங்களில் பவுல் மீசியா வழியாகத் துரோவாவுக்கு வந்து சேர்கிறார். அந்தத் துரோவா இருந்ததும் ஆசியா மாகாணத்தில்தான். தடை நீடிக்கவும் இல்லை. பின்னால் எபேசுவில் இரண்டு வருஷம் தங்கிப் போதித்தார். ஆசியாவில் குடியிருந்த யூதரும் கிரேக்கருமாகிய எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று 19:10-இல் அதே லூக்கா எழுதுகிறார்.