சில்வியா – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில்வியா என்ற கருப்பு விண்கல்லைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். கரி மாதிரி இருப்பதால் கண்ணில் படாமலே வந்து பூமியில் மோதிவிடுமாம். பயத்தில் தூக்கம் வரவில்லை. உண்மையா? இதையெல்லாம் கண்டுபிடிக்க நம் ஊரில் யாராவது முயன்றதாவது உண்டா?

ச., விழுப்புரம்

அன்புள்ள ச.,

நிம்மதியாகத் தூங்குங்கள். அது விண்கல் இல்லை, சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளிப்பக்கத்தில், ஆறரை வருடத்துக்கு ஒரு தடவை சூரியனைச் சுற்றுகிறது. நம் பக்கம் வருவதே இல்லை. இரண்டு குட்டி நிலாக்கள் வேறு உண்டு; அது இன்னொரு நாள்.

கோபம் வந்தது இரண்டாவது கேள்விக்குத்தான். 'முயன்றதாவது உண்டா' என்கிறீர்களே, சில்வியாவைக் கண்டுபிடித்ததே சென்னையில்தான்! 1866 மே 16, நுங்கம்பாக்கத்து மெட்ராஸ் வானாய்வகத்தில், வானியலாளர் நார்மன் போக்சன். ஆனால் உங்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. காலேஜ் ரோட்டில் மூன்று வருடம் தினமும் நடந்தவன். வானாய்வகம் இருந்த அந்த வளாகம் எனக்குப் புயல் செய்தி சொல்லும் வானிலை மையம், அவ்வளவுதான்.

தேதியைப் பாருங்கள். நடுக் கத்திரி. போன வாரம் கரண்ட் போய் மொட்டைமாடியில் புழுங்கியபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போக்சன் காலத்தில் ஃபேன் கிடையாது. புகைப்படத்தில் சிறுகோள் தேடும் வழக்கமும் 1891இல்தான் வந்தது. அந்த மனிதர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வானத்தை நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் அது நகர்கிறதா என்று காத்திருக்க வேண்டும். சில்வியாவோ நூறு பங்கு வெயில் பட்டால் நாலு பங்கைத் திருப்பி அனுப்புகிற கருப்பு. புதுசாகப் போட்ட தார் ரோடுதான். ஆனாலும் தெரிந்தது. காரணம் உருவம்: குறுக்கே சுமார் 270 கி.மீ., கிட்டத்தட்ட சென்னையிலிருந்து தஞ்சாவூர். கருப்பாக இருந்தால் ஒளிந்துகொண்டு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

'போக்சன் வெள்ளைக்காரர்தானே' என்று அடுத்த கடிதம் வரும். வரட்டும். 1861இல் வந்தவர், 1891இல் இங்கேயே இறந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பள்ளியில் அவர் பெயரைப் படித்தீர்களா? நானும் படிக்கவில்லை.

வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் அந்த வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். சென்னைக்கு வந்தால் எழுதுங்கள், அனுமதி கேட்டுப் பார்ப்போம். நானும் இன்னும் உள்ளே போனதில்லை.